மாமாவின் காகிதங்களைக் காப்பகத்தில் சேர்ப்பதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தாய்மாமா தமிழில் கவிதை எழுதியவர். டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் வாழ்ந்த தமிழ்ப் பெரியவர்கள் சிலரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதியவர். மாமா காலமாகிவிட்டார், வீட்டை விற்கப் போகிறார்கள். ஓர் அலமாரி, சில தகரப்பெட்டிகள், கேசட்டுகள், ஒரு பழைய கம்ப்யூட்டர் மிஞ்சியிருக்கின்றன. குடும்பத்தில் இவருக்கும் மாமாவின் மனைவிக்கும் தவிர வேறு யாருக்கும் தமிழ் வாசிக்க வராது. "எதைச் சுத்தம் செய்வது, எங்கே கொடுப்பது, ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா?" என்பது கேள்வி. பல வருஷம் ஆவணக்காப்பக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுத்தம் செய்ய வேண்டாம். அடுக்கவும் வேண்டாம். முதல் வேலை, உங்கள் அத்தையை அந்த அலமாரி முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டாக எடுத்துக் காட்டி, அது என்ன என்று கேட்பதுதான். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். நல்ல பெட்டி, குளிரூட்டிய அறை, ஸ்கேனர் எல்லாவற்றையும் ஒரு காப்பகம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். இந்தக் கடிதத்தில் "தம்பி" என்று கையெழுத்துப் போட்டிருப்பவர் யார், இந்தப் போட்டோவில் இடது ஓரத்தில் நிற்கும் அம்மா யார் என்பதை எந்தக் காப்பகமும் எங்கேயும் வாங்க முடியாது.

இந்த நாட்டில் இது கூடுதல் அவசரம். 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனில் வந்து நின்றதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்து ஆட்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், தேவாரம் பாடுகிறார்கள். ஆனால் ஒருவர் கையால் எழுதிய தமிழைக் கூட்டெழுத்தோடு வாசிக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். காப்பகத்தில் பட்டியல் போடுகிறவருக்கும் பெரும்பாலும் தமிழ் தெரியாது. அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நோட்டுப் புத்தகங்கள், இந்திய மொழி, 14" என்று எழுதி மூடிவிடுவார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அப்படி ஒரு வரியோடு உள்ளே போன பெட்டியை யாரும் கேட்டு எடுக்கப் போவதில்லை. கரையான் தின்ற காகிதத்துக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு: இது என்ன, யார் எழுதியது, ஏறக்குறைய எந்தக் காலம், எந்த மொழி. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சீட்டை உள்ளே வையுங்கள், குண்டூசி போடாதீர்கள். மூலக் காகிதத்தில் எண் போட வேண்டியிருந்தால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், லேசாக. போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறி வரும், அதற்கும் தனிச்சீட்டுதான். மாமாவுக்குப் புனைபெயர் இருந்ததா, எத்தனை என்று கேட்டு எழுதுங்கள். குடும்பப் பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். கப்பல் பட்டியலில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, கவிதைக்குக் கீழே மூன்றாவது ஒன்று இருப்பது நம் வீடுகளில் சகஜம். மூன்றும் ஒரே ஆள் என்று யாராவது ஒருவர் சொல்லி வைக்க வேண்டும். அப்புறம், ரோமன் எழுத்தில் எழுதிய தமிழ் கட்டாயம் இருக்கும். தமிழ் எழுத்து வராத பிள்ளைகள் மேடையில் ஒப்பிப்பதற்காக மாமாவே அப்படி எழுதிக் கொடுத்திருக்கலாம். அதன் மேல் "இது தமிழ்" என்று தெளிவாக எழுதாவிட்டால், வெளியாள் யாராலும் அதை இனம் காண முடியாது.

அடுக்க வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? ஒருவர் தன் காகிதங்களை வைத்திருந்த வரிசையே ஒரு தகவல். காப்பகக்காரர்கள் மூல ஒழுங்கு என்று சொல்வது இதைத்தான். கவிஞர்கள் தேதி போடுவதில் சோம்பேறிகள். ஒரு கவிதையின் முதல் வடிவம் மின்சார பில் உறைக்குப் பின்னால் இருக்கும், இரண்டாவது நோட்டில் இருக்கும், மூன்றாவது டைப் அடித்த தாளில் இருக்கும். அந்த உறையை "பில்தானே" என்று எடுத்துக் கடாசினால் கவிதைக்கு இருந்த ஒரே தேதி போய்விட்டது. கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் நாலு வரி இருந்தால் அந்தப் பத்திரிகையும் சேர்த்துத்தான் ஆவணம். "கவிதை எல்லாம் ஒரு பக்கம், கடிதம் எல்லாம் ஒரு பக்கம்" என்று நல்லெண்ணத்தோடு பிரித்து வைக்கும் உறவினர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். கைவைப்பதற்கு முன் அலமாரியைத் தட்டுத் தட்டாக போட்டோ எடுங்கள். பெட்டிக்குள் எது மேலே, எது கீழே என்பதும் படத்தில் வரட்டும்.

கழிக்கக்கூடியது கொஞ்சம் உண்டு. எழுதாத படிவங்கள், ஒரே அழைப்பிதழின் ஐம்பது பிரதிகள், கடையில் கிடைக்கும் அச்சுப் புத்தகங்கள். ஆனால் அந்தப் புத்தகங்களில் ஓரக்குறிப்பு எழுதியிருந்தால் அவை இருக்கட்டும். கோயில் கும்பாபிஷேக மலர்களையும், தமிழ்ச் சங்க ஆண்டு மலர்களையும், ஐஸ்டெட்ஃபாட் என்னும் பாட்டு, ஒப்பித்தல் போட்டிகளின் நிகழ்ச்சி நிரல்களையும் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். நம் கவிஞர்கள் பலருக்குத் தனித் தொகுப்பே வந்ததில்லை; அச்சில் அவர்கள் இருப்பதே அந்த மலர்களில்தான். மாமாவின் கவிதை ஒப்பிக்கப்பட்டது எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதற்கு அந்த நிரல்தான் சாட்சி.

இனி, வாழ்க்கை வரலாறு எழுதியவரின் காகிதம். கவிதையை விட இதில்தான் சிக்கல் அதிகம், பயனும் அதிகம். கவிஞரின் பெட்டியில் பெரும்பாலும் அவர் மட்டும்தான் இருப்பார். வரலாறு எழுதியவரின் பெட்டியில் ஊரே இருக்கும். பேட்டி கேசட்டுகள், கரும்புத் தோட்டத்து நினைவுகள், யாரிடமோ கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத போட்டோக்கள், ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்து கப்பல் பட்டியலிலிருந்து கையால் பகர்த்து எடுத்த குறிப்புகள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு கூலியாளுக்கும் ஓர் எண் உண்டு; பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் அந்த எண்ணோடுதான் பதிவாகியிருக்கும். மாமா ஒருவருடைய எண்ணைக் கண்டுபிடித்துக் குறித்து வைத்திருந்தால் அந்த ஒரு துண்டுக் காகிதம் வேறு ஒரு குடும்பத்துக்குப் பெரிய சொத்து. அச்சில் வந்த நூலில் பத்துக்கு ஒரு பங்குதான் இருக்கும். மீதி குறிப்புகளில் கிடக்கும். நூல் வந்துவிட்டதே, குறிப்பு எதற்கு என்று நினைக்காதீர்கள்.

இங்கே உரிமை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மாமாவுக்கு வந்த கடிதம், காகிதம் என்ற அளவில் உங்கள் குடும்பத்துச் சொத்து. அதில் எழுதியிருக்கும் வார்த்தைகளின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கு. கடிதத்தைக் காப்பகத்துக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. புத்தகமாகப் போடவோ முழுதாக இணையத்தில் ஏற்றவோ இல்லை. மாமாவின் சொந்த எழுத்துக்கு, 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, அவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள் பாதுகாப்பு. அவர் உயிரோடு இருந்தபோது அச்சிலோ மேடையிலோ வெளியாகவே இல்லாத கவிதை என்றால், முதன்முதலில் வெளியான ஆண்டின் முடிவிலிருந்துதான் அந்த 50 எண்ணப்படும். வாரிசுகள் நாலைந்து பேர் என்றால், அனுமதி கேட்டு வருகிறவருக்குப் பதில் சொல்ல ஒருவரை இப்போதே எழுத்தில் நியமியுங்கள். ஒருவர் ஆஸ்திரேலியாவில், ஒருவர் கேப் டவுனில், ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்ற நிலைமை வந்த பிறகு எந்தக் கவிதையையும் எவரும் மறுபதிப்புச் செய்ய முடியாது.

பேட்டிகள் இன்னும் நுட்பமானவை. மனிதர்கள் ஒரு வரலாற்றாசிரியரை நம்பிப் பேசும்போது, யார் யாரோடு ஓடிப்போனார், யார் சாதியை மாற்றிச் சொல்லிக் கப்பல் ஏறினார், இந்தியர்கள் தாக்கப்பட்ட 1949 டர்பன் கலவரத்தில் யார் வீட்டுக் கதவு திறக்கவில்லை என்பதெல்லாம் சேர்த்துத்தான் பேசுவார்கள். மாமா நாகரிகமாக நூலில் விட்டிருப்பார், டேப்பில் இருக்கும். 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களின் தகவலைப் பற்றி காப்பகம் அதனால் கவனமாகத்தான் கேட்கும். இதற்காக டேப்பை அழிக்கவோ பக்கத்தைக் கிழிக்கவோ வேண்டாம். "இந்தப் பெட்டி இன்ன ஆண்டு வரை மூடியிருக்கட்டும்" என்று எழுதிக் கொடுக்கலாம். காப்பகங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் முடிவுத் தேதியோடு எழுதுங்கள். "குடும்பம் சம்மதிக்கும் வரை" என்று எழுதினால், சம்மதம் கேட்க ஆள் கிடைக்காமல் அது என்றென்றைக்கும் மூடியே கிடக்கும்.

காகிதத்தைக் காப்பாற்றுவது பற்றி. டர்பனில் பூச்சியை விட ஈரம்தான் பெரிய எதிரி. காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். நம் கோடையில் அது சர்வசாதாரணம். அதனால் கராஜில் வைக்காதீர்கள், தரையில் வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நம் வீடுகளில் கீசர் கூரைக்குள் இருக்கும். அது வெடித்தால் கீழே இருக்கும் அறை அவ்வளவுதான். எந்த அறைக்கு மேலே கீசர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெட்டியை வையுங்கள். வீட்டுக்குள்ளே இருக்கும் உள்சுவர்ப் பக்கத்து அலமாரியே போதும். ஏற்கெனவே நனைந்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும், வெயிலில் அல்ல. அவ்வளவையும் உலர்த்த முடியாதென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம்; பூஞ்சை அங்கேயே நின்றுவிடும், அவசரமில்லாமல் பிறகு பார்க்கலாம். 2021 ஏப்ரல் 18இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகம் எரிந்தபோது, அடித்தளத்தில் நனைந்த தாள்களில் பலவற்றை அப்படி உறைய வைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

இங்கே ஃபிஷ்மாத் என்று சொல்லும் இராமபாணப் பூச்சிக்கு ஸ்ப்ரே அடிக்காதீர்கள். வேப்பிலையும் பாச்சை உருண்டையும் போடுவது நம் பழக்கம். இலை காய்ந்து கறை பிடிக்கும், உருண்டையின் வாசம் ஏறிய பெட்டியைக் காப்பகம் திறக்கவே யோசிக்கும். ரப்பர் பேண்டைக் கழற்றி நூல் நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். செய்தித்தாள் நறுக்குகள் அமிலம் மிகுந்தவை, பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். இடையில் நல்ல வெள்ளைத் தாள் ஒன்று வையுங்கள். செல்லோடேப் ஒட்டிக் கிழிசலைச் சரிசெய்ய வேண்டாம். துருப்பிடித்த பின்களைப் பிடுங்கவும் வேண்டாம், அது பழகின கைக்கு விட வேண்டிய வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, லேமினேட் செய்யாதீர்கள்! நம்மவர்களுக்கு எதையாவது மதிக்கிறோம் என்றால் உடனே லேமினேட் செய்துவிட வேண்டும். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது, உள்ளே காகிதம் தன்பாட்டுக்குப் பழுத்துக்கொண்டிருக்கும்.

கேசட்டுகளைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பழைய பிளேயர் நாடாவைத் தின்றுவிடும். மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் மேலே யாரும் பதிவு செய்ய முடியாது. அது மட்டும் செய்யுங்கள். அவற்றை டிஜிட்டல் கோப்பாக மாற்றுவது தெரிந்தவர் கையில் நடக்கட்டும், எம்பி3 மட்டும் எடுத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கிப் போடாமல், அழுத்தப்படாத வேவ் கோப்பாகவும் கேளுங்கள். பழைய கம்ப்யூட்டரில் இன்னொரு வம்பு இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ் பாமினி மாதிரி எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். வைரஸ் என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. கோப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு நகல், எழுத்துருக் கோப்பின் நகல், யூனிகோடுக்கு மாற்றிய ஒரு பிரதி, மூன்றும் சேர்ந்து போகட்டும். மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல் அத்தைக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள். கடைசிக் காலத்துக் கடிதங்கள் அதில்தான்.

ஸ்கேன் செய்தால் போதாதா என்றால், போதாது. ஸ்கேனில் மையின் நிறமும் அடித்தல் திருத்தமும் ஓரளவு வரும்; எந்தப் பேனாவால் எப்போது திருத்தினார் என்பது வராது. ஆனால் ஸ்கேன் ஒரு காரணத்துக்காகக் கட்டாயம் வேண்டும்: ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது நமக்கு ஒத்துவராத ஏற்பாடு. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு 1985 ஆகஸ்ட் கலவரத்தில் எரிந்தது.

எங்கே கொடுப்பது? வெஸ்ட்வில்லில், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம்தான் என் முதல் யோசனை. இந்திய வம்சாவளியினரின் ஆவணங்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. ஒத்த பெட்டிகள் பக்கத்தில் இருந்தால்தான் ஆராய்ச்சியாளர் வருவார். எழுத்தாளர் என்ற கோணத்தில் பார்த்தால் கிழக்கு கேப் மாகாணத்து மக்காண்டாவில் உள்ள அமாஸ்வி இலக்கிய அருங்காட்சியகம் இருக்கிறது, ஆனால் தூரம், தமிழும் அங்கே மையமான வேலை அல்ல. டர்பன் டெர்பி தெருவின் 1860 பாரம்பரிய மையத்தையும் கேட்டுப் பாருங்கள். கண்காட்சிக்கு ஏற்ற பொருட்கள் அங்கே பொருந்தும். ஒரு எழுத்தாளரின் அறையையே அப்படியே காப்பது எப்படி என்று பார்க்க வேண்டுமென்றால் பீட்டர்மரிட்ஸ்பர்க் போய் ஆலன் பேட்டன் மையத்தைப் பாருங்கள். நாவலாசிரியர் என்று அறியப்பட்டாலும் அவர் கவிதையும் எழுதியவர், ஹோஃப்மெயர் என்ற அரசியல்வாதியின் வரலாற்றை 1964இல் வெளியிட்டவர். 1988இல் அவர் இறந்தபின் அவருடைய எழுத்தறைச் சாமான்களை மனைவி கொடுக்க, மேஜை புத்தகம் எல்லாம் வைத்து அந்த அறையை மறுபடி அமைத்திருக்கிறார்கள்.

தமிழ் வாசிக்க ஆளில்லை என்று எந்த நிறுவனமாவது தயங்கினால், அரசியல் சட்டத்தின் 6ஆவது பிரிவை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். நாட்டில் மக்கள் புழங்கும் மொழிகள் என்று அது பெயர் சொல்லி மதிக்கச் சொல்பவற்றில் தமிழும் ஒன்று. கூடவே, அத்தையோடு உட்கார்ந்து எழுதிய உங்கள் பட்டியலைக் காட்டுங்கள். சட்டத்தை விட அந்தப் பட்டியல்தான் வேலை செய்யும்.

எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பிவிடலாம், அங்கேதான் படிக்க ஆள் இருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. உம்கேனி ஆறும் டொங்காட் கரும்பும் வரும் கவிதைக்கு அர்த்தம் இங்கேதான் தெரியும். அவர் எழுதிய மனிதர்களின் சந்ததி இங்கேதான் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபோதுகூட அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையில் நூலகமாக்கி, நுண்படம் எடுத்தார்கள். அதே வழியில் மூலம் டர்பனில் இருக்கட்டும், ஸ்கேன் பிரதி சென்னைக்குப் போகட்டும். தவிர, 1999ஆம் ஆண்டின் பாரம்பரிய வளச் சட்டப்படி சில வகைப் பழைய பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி வாங்க வேண்டும். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஜொஹன்னஸ்பர்க்கில் வாழ்ந்த, காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக்கின் கதையைச் சொல்கிறேன். காந்தியோடு அவருக்கிருந்த கடிதங்களும் படங்களும் குடும்பத்தின் கையில் பல தலைமுறை இருந்து, 2012இல் லண்டனில் ஏலத்துக்கு வரவிருந்தபோது, இந்திய அரசு பெரும் பணம் கொடுத்து அவற்றை வாங்கியது. அந்தக் காகிதங்கள் பிறந்த ஊரில் இன்று அவை இல்லை.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது: கொடையா, பாதுகாப்புக்கு மட்டுமா என்று தெளிவாக இருக்கட்டும். கடன் கொடுத்ததுபோல் வைத்த பெட்டிக்கு எந்தக் காப்பகமும் செலவழிக்கத் தயங்கும், அதனால் கொடையாகவே கொடுங்கள். பதிப்புரிமையை மட்டும் குடும்பம் வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் மூடினாலோ வேறொன்றோடு இணைந்தாலோ பெட்டி எங்கே போகும் என்று ஒரு வரி வேண்டும். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பெயரே மாறிப்போனது நம் கண்முன் நடந்ததுதான். காப்பகம் கழிக்க நினைப்பதை முதலில் குடும்பத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அண்ணன் தம்பிகள் போட்டோ எனக்கு, கடிதம் உனக்கு என்று பங்கு போட வேண்டாம். வேண்டியவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுங்கள்.

வீடு விற்பனை நெருங்குகிறது என்பதால், இந்த வாரமே காப்பகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மாமா யார், என்ன எழுதினார், பெட்டிகளை வரிசையாக வைத்தால் எத்தனை மீட்டர் வரும் (காப்பகங்கள் அளப்பது அப்படித்தான்), என்னென்ன மொழி, கேசட்டும் கம்ப்யூட்டரும் உண்டா, ஈரமோ பூச்சியோ பட்டிருக்கிறதா, எந்தத் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பூச்சி இருந்தால் மறைக்காதீர்கள். அவர்கள் தனியறையில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள், மறைத்தால் மற்ற பெட்டிகளுக்கும் பரவும். நாலைந்து போட்டோக்கள் இணையுங்கள். பதில் வர வாரங்கள் ஆகலாம். அதற்குள் வீடு கைமாறினால் பெட்டிகளை உறவுக்காரர் வீட்டு உள்ளறைக்கு மாற்றி வையுங்கள். அவர்கள் வரச் சொல்வதற்கு முன் காப்பக வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டாம்.